திம்பத்தில் ஏறிய முள்

அன்புள்ள அம்மிணி,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

திம்பம் மலையில் 27 வளைவில் பாதி ஏறுவதற்குள் காரின் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டு இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றினேன், மைசூர் வந்துவிட்டேன், சரியாயிடுச்சு என்றாய். ஆறவிட்டது நல்ல காரியம். ஆனால் சரியாகவில்லை. இரண்டு பாட்டில் பிடித்ததென்றால், அந்த அளவுக்கு உள்ளே இருந்த கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், எங்கே போனது? அது தெரியும்வரை அந்த வண்டியில் பண்ணாரி பக்கம் இறங்காதே. பஸ்ஸில் வா.

இன்று ராத்திரி வண்டியை நிறுத்தியதும் முன்பக்கம் அடியில் பழைய பேப்பரை விரித்து வை. காலையில் ஈரம் எந்த இடத்தில் என்று பார். ஏசி தண்ணீரும் சொட்டும், அது வெறும் தண்ணீர். கூலன்ட் என்றால் விரலில் வழவழக்கும், தித்திப்பாக ஒரு வாடை வரும். நாக்கில் வைத்துவிடாதே, விஷம். உன் வாசலில் படுக்கிற நாய் நக்குவதற்குள் தண்ணீர் விட்டுக் கழுவிவிடு. ஈரம் ரேடியேட்டருக்கு நேர் கீழே என்றால் ரேடியேட்டரோ கீழ் ஹோஸோ. பெல்ட் ஓடும் பக்கம் என்றால் வாட்டர் பம்ப். அதன் சீல் போனால் அடியில் உள்ள சின்ன ஓட்டை வழியாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும்.

பேப்பர் காய்ந்தே கிடந்தால் ஒழுக்கு இல்லை என்று நினைக்காதே. சில ஒழுக்கு எஞ்சின் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறினால்தான் வெளியே வரும். மெக்கானிக்கிடம் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு மாட்டி அழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல். முன் சீட்டுக் கால்மிதியைத் தூக்கித் தொட்டும் பார். ஈரமாக இருந்து, கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுவென்று மங்கினால் ஹீட்டரில் ஒழுகுகிறது.

எதற்கும் முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றிவிடு. மூடிதானே என்று நினைப்பாய். நல்ல மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 115, 120 வரை தாங்குகிறது. மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் கொதிப்பு சீக்கிரம் வந்து, ரிசர்வ் டேங்க் வழியாகப் பொங்கி வெளியேறிவிடும். குறைந்த செலவு, பெரிய வேலை.

எங்கே சூடேறுகிறது என்பதையும் கவனி. சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேனைப் பார். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் ஜில்லென்றிருந்தால் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வு, திறக்கவில்லை. "நம்ம ஊருக்கு இது வேண்டாம்" என்று அதைக் கழற்றி எறியும் ஆட்கள் உண்டு, விடாதே. புதிது போடச் சொல். ஆயில் மூடியைத் திறந்து அடியில் காப்பி மாதிரி கலங்கல் இருக்கிறதா பார். அதோடு புகைக்குழாயில் வெள்ளைப் புகை ஓயாமல் வந்தால், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கெட், போய்விட்டது. அப்புறம் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே.

நான் ஓட்டினேன். நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது, அதே மலையில். ஏறிய முள் திடீரென்று சரசரவென இறங்கியது. ஆறிவிட்டது என்று சந்தோஷமாக மிதித்தேன். அந்த முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். தண்ணீர் மொத்தமும் போய்விட்டதால் அது காற்றில் நின்று பொய் சொன்னது. ஹெட் வளைந்து, லேத்தில் கொடுத்துத் தேய்த்து வந்தோம். போதாததற்கு அன்றைக்கு மூடியைச் சூட்டோடு திறந்தேன். என் வலது மணிக்கட்டுத் தழும்பு சோறு வடிக்கும்போது பட்டது என்று உன்னிடம் சொல்லியிருந்தேன் அல்லவா? சோறு இல்லை, ரேடியேட்டர்.

மறுபடி எங்காவது முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிடு. வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் அது இழுத்துக்கொள்ளும். நிறுத்த இடம் கிடைத்ததும் நிறுத்து. ஒரு மணி நேரமாவது போகட்டும், மூடியில் கை வைக்காதே. ஒழுக்கெல்லாம் பார்த்த பிறகு, நீ ஊற்றிய தண்ணீரை வடித்துவிட்டு, கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி என்று புதிதாக நிரப்பச் சொல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைப் போடுவது பழைய லாரிக்காரர் வைத்தியம். சின்ன ஒழுக்கை அது அடைக்கும்தான். உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். உன்னிடம் கொடுப்பதற்கு முன்னால் அந்த வண்டிக்கு நான் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னால் அவரோடு வாதாடாமல் மாற்றிவிடு. பணம் நான் அனுப்புகிறேன். அம்மாவுக்கு மஞ்சள் விஷயம் தெரிய வேண்டாம்.

அப்பா