கூந்தன்குளத்து ஊராருக்கு ஒரு நன்றி மடல்

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

போன வாரம் பங்குனி வெயிலில் இருபத்து மூன்று பிள்ளைகளோடு பறவை பார்க்க உங்கள் ஊருக்கு வந்த வாத்தியார் எழுதுகிறேன். வகுப்பில் இன்னும் பறவைப் பேச்சு ஓயவில்லை.

முதல் நன்றி லோடு ஆட்டோக்காரத் தம்பிக்கு. மூலைக்கரைப்பட்டிக்கு முன்னாலேயே எங்கள் வேன் நின்றுவிட்டது. வாழைத்தார் இறக்கிவிட்டுத் திரும்பியவர், இரண்டு நடையாக எங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். காசு நீட்டினால், "பறவை பாக்க வந்த புள்ளைகள்ட்ட என்னத்த சார் வாங்க" என்று கிளம்பிவிட்டார்.

வனக்காவலர் ஐயா தன் பைனாகுலரைக் கடைசிப் பிள்ளை பார்க்கும்வரை திருப்பிக் கேட்கவில்லை. மணிமுத்தாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து குளம் பெருகும் கதையைச் சொன்னார். வரித்தலை வாத்தைக் கேட்டு நச்சரித்தவர்களிடம், "அதெல்லாம் இமயமலை தாண்டப் போயாச்சு, தை மாசம் வாங்க" என்றார். கூழைக்கடாக் குஞ்சு தாயின் வாய்க்குள் கழுத்துவரை தலையை விட்டு இரை எடுத்ததைப் பார்த்து ஒருத்தி, "சார், முழுங்கிட்டு!" என்று அலறியது குளக்கரை முழுக்கக் கேட்டிருக்கும். மன்னிக்கவும்.

வேப்பமரத்து வீட்டு ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்ல? முற்றத்து மரம் நிறைய வர்ண நாரைக் கூடுகள். இலையும் தரையும் சுண்ணாம்பு அடித்ததுபோல் எச்சம், மீன் கவிச்சி வேறு. எங்கள் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். ஆச்சியோ துணி காயப்போடும் கொடியைத் தாழ்வாரத்துக்கு மாற்றிக் கட்டியிருந்தார். "மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா. வீடு நாறுதுன்னு சொல்லலாமாய்யா?" என்றார். எச்சம் கலந்த மண்ணை அள்ளி வயலுக்குப் போடுவார்களாம்.

அப்போதுதான் குஞ்சொன்று தொப்பென்று விழுந்தது. ஆச்சி முந்தானையில் ஏந்தி எங்கள் பையன் ஒருவனிடம் காட்ட, அது பாதி செரித்த மீனை அவன் செருப்பிலேயே கக்கியது. "பயந்தா அப்படித்தான் கக்கும்" என்று சிரித்துக்கொண்டே, குஞ்சுகளைப் பராமரிக்கும் இடத்துக்கு அதை எடுத்துப் போனார்.

உங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் நன்றி. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி கிடையாது என்றதும் எங்கள் பயல்கள் திகைத்தார்கள். அவன் அசரவில்லை: "பலகாரம் இருக்குல்லா!"

'ராம்சார் ஈரானில் உள்ளது, ஈரநிலங்களைக் காக்கும் ஒப்பந்தம் அங்கே 1971-ல்' என்று வருடாவருடம் மனப்பாடம் செய்ய வைக்கிறவன் நான். உங்கள் குளம் சரணாலயமானது 1994-ல், ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது 2022-ல் என்பதும் அந்தப் பாடத்தில் உண்டு. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே நீங்கள் கொடியை மாற்றிக் கட்டத் தொடங்கிவிட்டீர்கள். ஆச்சி வீட்டு வேம்படியில் நின்றபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆச்சி, நீங்கள் மோர் கொடுத்தனுப்பிய தூக்குவாளி எங்களிடமே தங்கிவிட்டது. தை மாதம் வாத்து பார்க்க வரும்போது கொண்டுவருகிறோம். வெறும் வாளியாகத் தரமாட்டோம்.

அன்புடன்,
செருப்பு கழுவிய பையனின் வாத்தியார்