எட்டாவது குழியும் என் மகளும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பெர்த்தில் கங்காரு குறுக்கே படுத்திருக்கும் மைதானத்தில் கோல்ஃப் ஆடுகிறாயாமே, வயிறு எரிகிறது. இங்கே சிங்கப்பூரில் ஆட இடமே குறைந்துகொண்டு வருகிறது. கிளப்பில் சேர வசதியில்லாத நாம் பழியாய்க் கிடந்த மரினா பே பொது மைதானத்தை 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். ஜூரோங் கன்ட்ரி கிளப்பின் நிலத்தைக் கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்காக எடுத்தார்கள். முதலில் கிளப் போனது, 2020 முடிவோடு ரயில் திட்டமும் போனது. அது வேறு கதை.

மரினா பேயின் எட்டாவது குழி ஞாபகம் இருக்கிறதா? ஆறு ஸ்ட்ரோக்கில், அதாவது பந்தை ஆறு தடவை அடித்து, முடிக்க வேண்டிய அந்த 'பார் 6'? மூடுவதற்குள் அதை ஐந்தே ஸ்ட்ரோக்கில் முடித்து ஒரு பர்டியாவது எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. வேலை முடிந்ததும் விளக்கு வெளிச்சத்தில் ஆடப் போய்விடுவேன். கடைசி இரவு அந்தக் குழியில் ஒன்பது ஸ்ட்ரோக். வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை.

மறுநாள்தான் மனைவி சொன்னாள். நான் லிஃப்டை விட்டு இறங்கிப் பையை உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டதும் பாப்பா கதவோரம் வந்து நின்றுகொள்வாளாம். பையை மெதுவாகச் சாத்தினால் ஓடி வருவாள். டொம் என்று வைத்தால் சத்தமில்லாமல் அறைக்குள் போய்விடுவாள். "அம்மா, இன்னைக்கு அப்பா தோத்துட்டாரு" என்பாளாம்.

நான் யாரிடமடா தோற்றேன்? தனியாகப் போய் ஆடிவிட்டு வருகிறவன். ஹேண்டிகேப் 22, சுமாரான ஆட்டக்காரன்தான். ஜெயித்தாலும் பத்து காசு வரப்போவதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கும் முன்பே பையின் சத்தத்தை வைத்து என்னைப் படித்து வைத்திருக்கிறாள். இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

அமெரிக்க கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கல்சன் கதையை முதலில் சொன்னதே நீதான். 1999 யு.எஸ். ஓப்பன், பைன்ஹர்ஸ்ட். மனைவிக்கு எந்த நேரமும் வலி வரலாம். பேஜர் அடித்தால் ஆட்டத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆடினார். தந்தையர் தினம் வேறு. கடைசிக் குழியில் அவரோடு மோதிய பேன் ஸ்டூவர்ட் பதினைந்து அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டி, ஒரே ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயித்த கையோடு மிக்கல்சனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நீ அப்பாவாகப் போகிறாய் என்றார். மறுநாளே பெண் குழந்தை. நான்கே மாதத்தில் ஸ்டூவர்ட் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். அதை நினைத்தால் இன்னமும் என்னவோ செய்கிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மிக்கல்சனுக்கு முடிவெடுப்பது சுலபம். பிரசவம் என்றால் எவனும் ஓடுவான். செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளை கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதற்கு எந்தப் பேஜரும் அடிப்பதில்லை.

ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இப்போது மாதம் ஒரு தடவை, அதுவும் காலையில். மற்றபடி சனிக்கிழமைகளில் பாப்பாவோடு, பந்தடித்துப் பழகும் டிரைவிங் ரேஞ்ச். போன வாரம் நூறு பந்துக்குக் காசு கட்டினேன். இருபது பந்து அடித்துவிட்டுக் கை வலிக்கிறது, மைலோ வேண்டும் என்றாள். மிச்சம் எண்பதையும் நானே அடித்துத் தீர்த்தேன். காசு போட்டதாயிற்றே!

பையை இப்போது பூப்போல வைக்கிறேன். அதையும் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, சும்மா நடிக்காதீங்க, இன்னைக்கு நல்லா ஆடலதானே?" என்கிறாள். ஆமாம் என்றேன். சரி, சாப்பிட வாங்க என்று போய்விட்டாள்.

அப்புறம், உன் மகன் சின்ன வயதில் வைத்திருந்த ஏழாம் நம்பர் அயர்ன் மட்டை இன்னும் இருக்கிறதா? இருந்தால் டிசம்பரில் வரும்போது எடுத்து வா. இங்கே புதிதாக வாங்கினால், அடுத்த மாதம் அவள் பேட்மின்டன் என்று சொல்லிவிட்டால் என் காசு அம்போ.

உன்,
யீஷூன் ஸ்லைஸ் மன்னன்