லண்டன் அல்ல, நுங்கம்பாக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் ‘லண்டன் வானியலாளர் நார்மன் போக்சன் 1861-இல் கண்டுபிடித்த ஆசியா என்ற விண்கல்’ என்று ஒரு வரி. ஆண்டு மட்டும் சரி.

போக்சன் இங்கிலாந்துக்காரர்தான். ஆனால் அதைக் கண்டது நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில், ஏப்ரல் 17 அன்று. ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள், அதனால்தான் அந்தப் பெயர். லண்டனில் அகப்பட்டிருந்தால் எதற்கு ஐயா ஆசியா என்று வைக்கப்போகிறார்கள்? 1891-இல் இறக்கும்வரை மனிதர் சென்னையில்தான் இருந்தார். அவரோடு வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளிர் விண்மீனை, அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீனைக், கண்டுபிடித்தார். அவர் பெயர் தங்கள் இதழில் இதுவரை வந்து நான் பார்த்ததில்லை. ராசிபலன் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அப்புறம் இந்த ‘விண்கல்’. வானிலிருந்து தரையில் வந்து விழுந்தால்தான் அது விண்கல். ஆசியாவோ செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, 3.77 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றும், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் அகலமுள்ள பாறை. சூரியனை மிக நெருங்கும்போதுகூட நம்மைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தூரத்தில் நிற்கிறது. முப்பது வருடம் இயற்பியல் பாடம் எடுத்தவன் நான். விடைத்தாளில் சிறுகோளை விண்கல் என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடித்தால், “பேப்பர்லயே போட்டிருக்கே சார்” என்பார்கள். என்ன பதில் சொல்வது?

கூடவே போட்ட படத்தில் பாறைகள் தோளோடு தோள் உரசுகின்றன. 1972-இல் இந்தச் சிறுகோள்கள் சுற்றும் பட்டைக்குள் நுழைந்த பயோனியர் 10 விண்கலம் அடுத்த ஆண்டு பத்திரமாக வெளியே வந்துவிட்டது. தங்கள் ஓவியரின் பட்டையில் ஒரு கொசு புகுந்து வர முடியாது. இதைப் பற்றி முன்பே எழுதினேன். அந்தக் கடிதத்தில் ‘கட்டுரை அருமை’ என்ற வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி.

இந்த ஆசியாவை நான் பார்த்திருக்கிறேன். மொட்டைமாடியில் சின்னத் தொலைநோக்கியும் விண்மீன் வரைபடமுமாக மூன்று இரவு உட்கார்ந்தேன். முதல் இரவு எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல் இருந்தன. இரண்டாம் இரவு மேகம். மூன்றாம் இரவு ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. போக்சன் காலத்தில் வானத்தைப் படமெடுத்துச் சிறுகோள் தேடும் வசதி கிடையாது. கண்ணும் வரைபடமும்தான். அப்படித் தேடியே சென்னையில் ஐந்து சிறுகோள்களைப் பிடித்தார். அதை ஒரே சொல்லில் லண்டனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். கடிதத்தை வழக்கம்போல் சுருக்குங்கள், பரவாயில்லை. நுங்கம்பாக்கம் என்ற சொல்லை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்