கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நிதானமாக உட்கார்ந்து எழுத இன்றுதான் வாய்த்தது. மகள் படிப்பை முடித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். தத்தித் தத்தி நடந்த அந்தக் குழந்தைதான் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறாள். என் வாழ்த்துகளை அவளிடம் சொல். இங்கே அனைவரும் நலம். முதுகுவலி விட்டுவிட்டது, காலை நடையை மறுபடி தொடங்கிவிட்டேன்.

புதிய பொறுப்போடு உன் தலையில் வந்து இறங்கியிருக்கும், அலுவலகத்தில் எல்லோரும் கோப்புகளை வைக்கும் பொது டிரைவைப் பற்றிப் படித்தபோது, எங்கள் அலுவலகத்தைப் பார்த்தே எழுதினாயோ என்று தோன்றியது. ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இறுதி திருத்தியது’, ‘இதையே பயன்படுத்தவும்’ என ஒரே அறிக்கைக்கு நான்கு கோப்புகள்! எல்லாவற்றையும் கலைத்து, புதிய கோப்புறைகளில் அடுக்கப் போவதாகச் சொல்கிறாய். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதே. அதைச் சொல்லத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

நான் ஒருமுறை செய்து பார்த்தவன். எல்லாவற்றையும் ஆண்டுவாரியாகப் பிரித்தேன். மறுநாளே ஒருவர் வந்து, வாடிக்கையாளர் பெயரில் தேடினால் எதுவும் கிடைக்கவில்லை என்றார். ஒன்றிலிருந்து ஒன்று எண்களை எடுத்துக்கொண்டிருந்த எக்செல் கோப்புகளின் தொடர்பு இடம் மாறியதும் அறுந்துபோனது. கோப்புறைக்குள் கோப்புறை என்று ஆழமாகப் போனதில், விண்டோஸில் கோப்பின் பாதைக்கு வழக்கமாக உள்ள 260 எழுத்து வரம்பைத் தாண்டிய சில கோப்புகள் திறக்கவே மறுத்தன. ஒரு கோப்பு ஒரு கோப்புறையில்தான் இருக்க முடியும். ஆனால் ஓர் ஒப்பந்தம் அந்த ஆண்டுக்கும் உரியது, வாடிக்கையாளருக்கும் உரியது, அதைத் தயாரித்த பிரிவுக்கும் உரியது. அதை எங்கே வைத்தாலும் மற்ற இருவர் தேடத்தான் செய்வார்கள்.

அதற்குப் பிறகுதான் ஸிம் டெஸ்க்டாப் விக்கி என்ற மென்பொருளுக்கு வந்தேன். விக்கி என்றால், ஒன்றோடொன்று இணைப்புகளால் கோத்த குறிப்புப் பக்கங்களின் தொகுப்பு. இலவசமானது, இணையத் தொடர்பும் வேண்டாம். நாம் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் அது வெறும் உரைக் கோப்பாகத்தான் சேமிக்கிறது. நாளை அந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படித்துக்கொள்ளலாம். அந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

கோப்புகளை நான் அசைக்கவே இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் எழுதினேன். அந்த வேலை எப்போது வரும், எந்தக் கோப்பு சரியானது, எதைத் தொடக் கூடாது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று நாலைந்து வரி. கீழே கோப்புக்கு இணைப்பு. அதே ஒப்பந்தத்துக்கு ஆண்டுப் பக்கத்திலிருந்தும் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்தும் பிரிவின் பக்கத்திலிருந்தும் இணைப்புக் கொடுத்தேன். கோப்பு ஒன்றுதான், அதற்கு வாசல் மூன்று.

இதில் நான் மிகவும் மதிக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்னும் எழுதாத ஒரு பக்கத்தின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் போதும். அதற்கும் இணைப்பு உருவாகிவிடும். 1995 மார்ச் 25 அன்று வார்டு கன்னிங்ஹாம் இணையத்தில் வைத்த முதல் விக்கியில், எழுதப்படாத பக்கத்தின் பெயரை ஒட்டி ஒரு கேள்விக்குறி நிற்குமாம். அதற்கும் முன்பு, 1980களின் பிற்பகுதியில், ஆப்பிளின் ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளில் அவர் ஓர் அட்டைத் தொகுப்பைச் செய்து வைத்திருந்தார். தன் நிறுவனத்தில் எந்த எண்ணம் எந்த மனிதரிடமிருந்து எந்த வேலைக்குப் போனது என்று குறித்துவைப்பதற்காக! விக்கியின் வேர் ஓர் அலுவலகத்தின் தேவையில் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

எழுதாத பக்கங்களுக்கான அந்த இணைப்புகளை நான் எப்படிப் பயன்படுத்தினேன் தெரியுமா? எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் ஓய்வு பெற ஒரு மாதமே இருந்தது. எந்தக் கோப்பு எங்கே என்பது அவருக்குத்தான் தெரியும். எழுதாமல் பெயரோடு நின்ற பக்கங்களைக் குறித்துக்கொண்டு, தினமும் மதியம் அரை மணி நேரம் அவரருகில் போய் உட்கார்ந்தேன். கோப்பு இருக்கும் இடத்தை ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அதற்கு மேல் அவர் சொன்னவைதான் பொக்கிஷம். ஒரே ஆண்டுக்கு இரண்டு கணக்கு அட்டவணைகள் இருந்தன. பழையதை அழித்துவிடலாமா என்று கேட்டேன். ‘ஐயோ, அதுதான் தணிக்கைக்கு அனுப்பியது. மற்றது பிறகு திருத்தியது. இரண்டும் இருக்க வேண்டும்’ என்றார். கோப்பின் பெயரிலோ கோப்புறையிலோ இதற்கு ஒரு தடயமும் இல்லை. நான் பழையபடி அடுக்கியிருந்தால் அதை அழித்திருப்பேன்.

நீ தொடங்கும்போது சிலவற்றைக் கவனத்தில் வை. இணைப்பில் டிரைவின் எழுத்தைப் போடாதே. உன் கணினியில் இசட் ஆக இருப்பது அடுத்தவர் கணினியில் எஸ் ஆக இருக்கும். சர்வரின் பெயரோடு முழு முகவரியைக் கொடு. கோப்பின் பெயரில் தேதி வந்தால் 2024-03-15 என்று ஆண்டை முதலில் எழுது, பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். கடவுச்சொற்களை விக்கியில் எழுதவே கூடாது. அது யாரும் திறந்து படிக்கக்கூடிய உரைக் கோப்பு. சம்பள விவரம் போன்றவற்றின் பக்கங்கள், அந்தக் கோப்புகளைப் பார்க்க அனுமதி உள்ளவர்களின் இடத்திலேயே இருக்கட்டும். இன்னொன்று: ஸிம் ஒருவர் எழுதுவதற்காகச் செய்யப்பட்டது. ஒரே பக்கத்தை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் ஒருவர் எழுதியது போய்விடக்கூடும். எங்களிடம் எழுதுபவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் படிக்கிறார்கள், பிழை கண்டால் சொல்கிறார்கள். பலரும் எழுத வேண்டிய நாள் வந்தால் சர்வரில் இயங்கும் விக்கிக்கு மாறத்தான் வேண்டும்.

முழு டிரைவையும் எழுதி முடிக்க நினைக்காதே. இந்த வாரம் யாராவது உன்னிடம் ‘அது எங்கே?’ என்று கேட்டால், பதில் சொன்ன கையோடு அதற்கு ஒரு பக்கம் எழுது. எங்களிடம் இப்போது முந்நூறு பக்கங்களுக்கு மேல் இருக்கின்றன. பாதிக்கு மேல் அப்படி வந்தவைதான்.

உன் முதல் பக்கத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு. உங்கள் டிரைவில் எது எங்கே, எதற்கு என்று தெரிந்த மூத்தவர் யாராவது இன்னும் பணியில் இருந்தால், விக்கியை நிறுவுவதற்கு முன்பே அவரிடம் போய் உட்கார்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்