ஐஎம்ஏ கண்ணில் படாத டிபிஎம்

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? ஆர்ம் சர்வரில் பாதுகாப்புச் சிப்பான டிபிஎம்முக்குரிய டிபிஎம்0 டிவைஸ் கோப்பு வருகிறது, ஆனால் பூட் லாகில் ஐஎம்ஏ (கோப்புகளை அளந்து பதிவுசெய்யும் லினக்ஸ் கர்னல் பகுதி) "நோ டிபிஎம் சிப் ஃபவுண்ட்" என்று சொல்லி பைபாஸுக்கு, அதாவது டிபிஎம் இல்லாமலே ஓடும் நிலைக்கு, போய்விடுகிறது என்று எழுதியிருந்தாய். சிப்பைச் சந்தேகப்படாதே. கோளாறு இனிட்கால் வரிசையில், அதாவது பூட்டின்போது கர்னல் தன் தொடக்க ஃபங்ஷன்களை நிலை எண் வாரியாக ஓட்டும் வரிசையில்.

உன் டிபிஎம் செக்யூர் வேர்ல்டில் (ப்ராசஸரின் தனித்த பாதுகாப்புப் பகுதியில்) ஃபர்ம்வேர் சேவையாக ஓடுகிறது. அதனிடம் பேச டிபிஎம்மின் சிஆர்பி டிரைவருக்கு, செக்யூர் வேர்ல்டுக்குச் செய்தி கடத்தும் எஃப்எஃப்-ஏ டிரைவர் வேண்டும். டிரைவரைக் கர்னலுக்குள் கட்டினால், அதன் தொடக்க ஃபங்ஷனைக் குறிக்கும் மாட்யூல்_இனிட் என்பது டிவைஸ் இனிட்கால்தான், 6-ஆம் நிலை. ஒரே நிலைக்குள் யார் முந்துவது என்பது லிங்க் வரிசையை, அதாவது மேக்ஃபைலில் எழுதிய வரிசையை, பொறுத்தது. டிரைவர்ஸ் மேக்ஃபைலில் சிஆர்பி இருக்கும் கேர் அடைவு முன்னால், எஃப்எஃப்-ஏ இருக்கும் ஃபர்ம்வேர் அடைவு பின்னால். அதனால் சிஆர்பி முதலில் ப்ரோப் ஆகிறது (தன் டிவைஸை இயக்க முயல்கிறது), எஃப்எஃப்-ஏ இன்னும் வராததால் ப்ரோப் டிஃபர் (பிறகு முயல்கிறேன்), அதாவது -517 என்ற பிழை எண், கொடுத்துவிட்டு ஒதுங்குகிறது.

பிறகு மறுபடி முயலுமே என்பாய். முயலும், ஆனால் காலம் கடந்து. டிஃபர் பட்டியலை முதன்முதலாகக் கிளப்பும் ஃபங்ஷன் லேட் இனிட்கால், 7. ஐஎம்ஏவும் 7. கர்னல் மரத்தின் உச்சியில் செக்யூரிட்டி அடைவு டிரைவர்ஸுக்கு முன்பே லிங்க் ஆகிறது. ஆக ஐஎம்ஏ தேடி முடித்த பிறகுதான் டிபிஎம் எழுகிறது. ஐஎம்ஏ ஒருமுறைதான் தேடும். இதைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதே: பூட் அளவுகளின் சுருக்கமான பூட்_அக்ரிகேட் பூஜ்ஜியமாகப் பதிவாகும், ஐஎம்ஏ அளவுகள் சேரும் டிபிஎம் பதிவேடான பிசிஆர் 10-ல் எதுவும் ஏறாது, தொலைவிலிருந்து சரிபார்ப்பவர் கையில் அந்த லாக் வெறும் எழுத்து.

முதலில் உறுதிசெய்துகொள். சிஸ்டம்.மேப்பில் (கர்னல் சிம்பல்களின் முகவரிப் பட்டியல்) இனிட்கால் சிம்பல்களை முகவரி வரிசையில் பார். அதுதான் ஓடும் வரிசை, பெயரின் கடைசியில் நிலை இருக்கும். பிறகு கர்னல் கமாண்ட் லைனில் இனிட்கால்_டீபக் போட்டு பூட் செய். லாக் பஃபரைப் பெரிதாக்கிக்கொள், இல்லையென்றால் தொடக்க வரிகள் அடிபட்டுப் போகும்.

சிஆர்பி ப்ரோபில் தூங்கிக் காத்திருக்கும் லூப்பை மட்டும் எழுதிவிடாதே. இனிட்கால்களை ஒரே த்ரெட் வரிசையாக ஓட்டுகிறது. நீ தூங்கினால் உனக்குப் பின்னால் நிற்கும் எஃப்எஃப்-ஏவும் அங்கேயே நிற்கும்.

மெயின்லைனில் (அதிகாரப்பூர்வ கர்னலில்) 2025-ல் செய்த திருத்தம் இரண்டு பகுதி. எஃப்எஃப்-ஏ இனிட்டை ரூட்எஃப்எஸ் இனிட்காலுக்கு நகர்த்தினார்கள். அது 5-க்கும் 6-க்கும் நடுவே. அதன் பஸ் 4-ல், சப்சிஸ் நிலையில், பதிவாகிறது. அதற்கு முன்னால் கொண்டுபோனால் டிவைஸைத் தொங்கவிட இடமே இராது. இது மட்டும் போதாது என்பதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். டிபிஎம் மேக்ஃபைலில் சிஆர்பி முன்னால், அதை எஃப்எஃப்-ஏவோடு இணைக்கும் சிஆர்பி-எஃப்எஃப்ஏ பின்னால், இரண்டும் 6. எனவே கர்னலுக்குள் கட்டியிருந்தால், சிஆர்பி கூப்பிடும் சிஆர்பி-எஃப்எஃப்ஏ இனிட் ஃபங்ஷனுக்குள்ளேயே அந்த டிரைவரைப் பதிவுசெய்ய வைத்தார்கள். வரிசையை மேக்ஃபைலின் தயவில் விடாமல், தேவைப்படுபவரே கூப்பிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மேக்ஃபைலில் இரண்டு வரியை இடம் மாற்றினாலும் இன்று பலிக்கும், ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று அடுத்து வருபவருக்குத் தெரியாது.

கான்ஃபிக்கில் டிபிஎம், சிஆர்பி, சிஆர்பி-எஃப்எஃப்ஏ, எஃப்எஃப்-ஏ டிரான்ஸ்போர்ட் நான்கும் ஒய் (கர்னலுக்குள் கட்டியது) ஆக இருக்கட்டும். ஒன்று எம் (தனி மாட்யூல்) ஆனாலும் வேலைக்கு ஆகாது: மாட்யூலில் ரூட்எஃப்எஸ் இனிட்கால் என்று எழுதினாலும் அது மாட்யூல்_இனிட்டாகவே மாறிவிடும், ஏற்றும் நேரத்தில் ஐஎம்ஏ எப்போதோ முடிந்திருக்கும்.

திருத்திய கர்னலில் பைபாஸ் வரி மறைந்தால் மட்டும் திருப்திப்படாதே. ஐஎம்ஏவின் ரன்டைம் மெஷர்மென்ட்ஸ் கோப்பில் முதல் வரியின் பூட்_அக்ரிகேட் பூஜ்ஜியமாக இல்லாமல் இருக்கவேண்டும். அந்த வரியையும், சிஸ்டம்.மேப்பின் 6, 7 நிலை வரிகளையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
முருகேசன்