வேடந்தாங்கலும் சேர்ந்து மறையும்

அன்பு எழிலுக்கு,

பிரவுசரில் சேர்க்கும் ஷினிகாமி ஐஸ் என்ற நீட்சியைப் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம். ஆனால் அது யாரையும் தடுக்காது, பெயர்களுக்கு நிறம் பூசும், அவ்வளவுதான். ஃபேஸ்புக், எக்ஸ், ரெடிட், யூடியூப் மாதிரி தளங்களில், திருநர்களுக்கு ஆதரவானவர் என்று குறிக்கப்பட்ட பெயர் பச்சையாகவும், எதிரானவர் என்று குறிக்கப்பட்டது சிவப்பாகவும் தெரியும். பெயரின் மேல் வலது கிளிக் செய்து நீயும் குறிக்கலாம். 'சும்மா ஒரு சந்தேகம்' என்று வருகிறவருக்குப் பத்தி பத்தியாகப் பதில் எழுத உட்காரும் முன் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டாலே அரை நாள் மிச்சமாகும்.

இப்படிக் குறிக்கப்பட்டவர்களின் பட்டியல் ப்ளூம் ஃபில்டர் என்ற முறையில் சுருக்கப்பட்டு உன் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. யார் பக்கத்தைப் பார்க்கிறாய் என்று ஒவ்வொரு முறையும் வெளியே கேட்டுக்கொண்டிருக்காது. ஒரு கணக்கின் பெயரைச் சில எண்களாக மாற்றி, நீண்ட வரிசையொன்றில் அந்த இடங்களில் புள்ளி வைப்பதுதான் அந்த முறை. பட்டியலில் இருப்பவர் தப்பமாட்டார். ஆனால் சம்பந்தமே இல்லாத ஒருவரின் இடங்களில் மற்றவர்களுடைய புள்ளிகள் ஏற்கெனவே விழுந்திருந்தால், அவரும் தவறாகச் சிவந்துவிடுவார். அதனால் சிவப்பைக் கண்டதும் சண்டைக்குப் போகாதே, அவர் எழுதியதை நாலு வரி படித்துப் பார். தங்களைக் குறித்திருப்பதே குறிக்கப்பட்டவர்களுக்குத் தெரியாது என்பதால், 2021இல் நார்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இதைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தது. அந்த ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

தமிழில் ஏசுகிற கணக்கு அந்தப் பட்டியலில் இருக்கும் என்று நம்பி உட்காராதே. நமக்கு, குறிப்பிட்ட சொல் வருகிற பதிவுகளை மறைக்கும் சொல் வடிகட்டிதான் கை கொடுக்கும். தளங்களே தரும் 'மியூட்' வசதி பெரும்பாலும் முழுச் சொல்லைத்தான் பார்க்கும். தமிழிலோ சொல் வேற்றுமை உருபை ஒட்டிக்கொண்டு வரும். ஏசுகிறவர்கள் சொல்லும் 'வேடம்' என்ற சொல்லைப் போட்டால் 'வேடத்தை', 'வேடமா' எல்லாம் நழுவி உள்ளே வந்துவிடும். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் 'முழுச் சொல்' என்ற டிக்கை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மற்ற தளங்களுக்கு யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி. குரோமில் அது 2025இல் நின்றுபோனது, ஃபயர்பாக்ஸில் இருக்கிறது, ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் கிடைக்கும். போனில் உள்ள ஆப்பை இது தொடவே தொடாது. ஆப்பின் அறிவிப்புகளை அணைத்துவிட்டு பிரவுசர் வழியாகவே போ.

யூபிளாக் அமைப்பில் 'மை ஃபில்டர்ஸ்' பக்கத்தில் வரிக்கு ஒரு விதி. தளத்தின் பெயர், இரண்டு ஹேஷ் குறி, எக்ஸ் தளத்துக்கு 'ஆர்ட்டிகிள்', முக்காற்புள்ளி, 'ஹேஸ்-டெக்ஸ்ட்', அடைப்புக்குறிக்குள் மறைக்க வேண்டிய சொல். அதாவது x.com##article:has-text(வேடம்) மாதிரி. இடையில் இடைவெளி விடாதே. இது சொல்லின் துண்டையும் பிடிக்கும் என்பதால் எங்கே வெட்டுகிறாய் என்பதுதான் முக்கியம். 'வேட' என்று வெட்டினால் வேட்டி விளம்பரம், வேடிக்கை, வேடந்தாங்கல் பறவைகள் எல்லாம் சேர்ந்து மறையும். கணினிக்கு 'டி' என்பது 'ட'வும் கொக்கியும், 'ட்' என்பது 'ட'வும் புள்ளியும். அதனால் 'வேடம' ஒரு வரி, 'வேடத்த' ஒரு வரி. முதலாவது வேடம், வேடமா, வேடமும் மூன்றையும் பிடிக்கும், இரண்டாவது வேடத்தை, வேடத்தில், வேடத்துக்கு. 'கொ' மாதிரி எழுத்துகளில் இன்னொரு வம்பு இருக்கிறது. கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரலாம், தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், வடிகட்டிக்கு வேறு வேறு. இரண்டையும் போடு.

தங்கிலீஷில் எழுதுகிறவர்கள் எழுத்தை இழுப்பார்கள். அதற்குச் சொல்லை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் எழுதி, இழுக்கும் எழுத்துக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போடு. கடைசிச் சாய்கோட்டுக்குப் பின் ஆங்கிலச் சின்ன ஐ (i) போட்டால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது.

உன் பழைய பெயரையும் இந்த வடிகட்டிப் பட்டியலில் சேர்ப்பாய். அந்தப் பட்டியல் யாரும் படிக்கிற சாதாரண எழுத்தாகவே இருக்கும், அதனால் ஆபீஸ் கணினியில் வைக்காதே. வீட்டுப் பிரவுசரில் நுழைந்த அதே கணக்கில் ஆபீஸிலும் நுழைந்தால் நீட்சிகள் தாமாகவே அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். உன்னைப் பற்றி அங்கே யாருக்கு எப்போது சொல்வது என்று நீ முடிவெடுக்கும் முன் ஒரு ஐகான் சொல்லிவிடக் கூடாது. இப்படிக் கணினிகளை ஒன்றாக்கும் 'சிங்க்' அமைப்பில், நீட்சிகளுக்கான 'ஆட்-ஆன்' டிக்கை இன்றைக்கே எடுத்துவிடு.

2024 நவம்பரிலிருந்து எக்ஸில் நீ பிளாக் செய்தவரும் உன் பொதுப் பதிவுகளைப் படிக்கலாம். பிளாக் இப்போது பாதிப் பூட்டுதான். சொந்தப் படங்கள் போடுகிற கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றிவிடு.

வடிகட்டி ஓடும்போது மிரட்டலும் உன் கண்ணில் படாமல் போகும். வாரம் ஒருமுறை உன் தம்பியை வடிகட்டி இல்லாத பிரவுசரில் உன் பதிவுகளின் மறுமொழிகளைப் பார்க்கச் சொல். கொலை மிரட்டலோ முகவரியை வெளியிடுவதோ இருந்தால், புகார் பட்டனை அழுத்தும் முன்னாலேயே பதிவின் இணைப்பு, கணக்கின் பெயர், தேதி மூன்றும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். தளம் பதிவை நீக்கிய பிறகு காவல்துறைக்குக் காட்ட நம் கையில் ஒன்றும் இருக்காது.

இப்போதைக்கு உன்னிடம் வருகிற சொற்களை ஒரு ஃபைலில் எழுதி எனக்கு அனுப்பு. இதையெல்லாம் எப்படி அப்பாவுக்கு அனுப்புவது என்று கூச்சப்படாதே. எங்கே வெட்டுவது என்று பார்த்து, வரிவரியாக எழுதித் தருகிறேன். நீ ஒட்டினால் போதும்.

அன்புடன்,
அப்பா