பேர்கனில இரணைமடுக் கதை

எடியே, சுகமா இருக்கிறியே? உன்ர வொய்ஸ் மெசேச் எல்லாம் கேட்டனான், பதில் போடத்தான் வாய்க்கேல்லை, நான் வகுப்பு முடிஞ்சு வந்து சமைச்சுச் சாப்பிட்டுப் போனைத் தூக்கேக்க அங்க உங்களுக்கு நடுச்சாமம், நாங்கள் நாலரை மணித்தியாலம் பின்னுக்கெல்லே.

இஞ்ச மழை. நோர்வேயில இந்தப் பேர்கனில வருசத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல விழுதாம், ஆனா எங்கட மாரி மாதிரி ஊத்திப்போட்டு விடாது, நாள் முழுக்கச் சிணுங்கும். நவம்பரில நாலு மணிக்கே இருட்டு. சின்னப் பிள்ளையளுக்கு றெயின்கோட்டைக் கொழுவி வெளியில விளையாட விட்டிருக்கினம், எங்கட அம்மா கண்டா சன்னதமாடுவா.

வகுப்பில எல்லாம் என்ர மூத்தவளின்ர செட். விரிவுரையாளரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடோணுமாம், எனக்கு வாய் வருதில்லையடி, சேர் எண்டா அந்தாள் சிரிக்குது, அதால ஒண்டுஞ் சொல்லாமல் கிட்டப் போய் நிப்பன், அந்தாளாத் திரும்பிப் பார்க்குமட்டும். மத்தியானச் சாப்பாடு பதினொண்டரைக்கு, ரெண்டு துண்டுப் பாண், மேல மண்ணிறச் சீஸ். இனிக்கும், உப்புப் போட்ட பால்கோவா எண்டு நினைச்சுக்கொள்ளு.

உனக்கெண்டு வைச்சிருந்த கதை இதுதான். நோர்வேயில கரண்ட் நூற்றுக்குத் தொண்ணூறளவில தண்ணியில இருந்துதான் வருது. எங்கட கிளிநொச்சி ஆக்கள் இரணைமடுக் குளத்தில இண்டைக்கு எத்தினை அடி தண்ணி எண்டு கேக்கிற மாதிரி இவை கிழமைக்குக் கிழமை நீர்த்தேக்கம் எத்தினை வீதம் எண்டு பாக்கினம், குறைஞ்சா கரண்ட் விலை ஏறும். எங்களுக்குக் குளம் நிரம்புற காலத்தில இவைக்கு இறங்கத் தொடங்கும், குளிர்காலம் முழுக்க மலையில பனியாக் கிடந்து வைகாசியளவில உருகித்தான் திரும்ப நிரம்பும்.

அண்டைக்கு வகுப்பில ஒவ்வொருத்தரையும் தங்கட ஊர்த் தண்ணியைப் பற்றிக் கதைக்கச் சொன்னவை. தண்ணியைக் கணக்குப் போடுற கொம்பியூட்டர் மொடலெண்டா நான்தான் கடைசி, இந்தக் கண்ணாடியோட திரையைத் தேடவே நேரம் போயிடும். இதுக்கு எழும்பிப் போய் கனகராயன் ஆறு, 36 அடிக் குளம், இடதுகரை வலதுகரை வாய்க்கால் எண்டு கீறிப்போட்டு, சிறுபோகக் கூட்டத்தில, அதுதான் கோடை நெல் விதைப்புக்கு முன்னம் கமக்காரர் கூடுறது, தண்ணியின்ர அளவைப் பாத்து இந்த முறை எத்தினை ஏக்கர் எண்டு முடிவெடுத்துப் பங்கு பிரிக்கிறதைச் சொன்னன். கேள்வி நிக்கேல்லை. பங்கை ஆர் பிரிக்கிறது, கடைசி வாய்க்கால்காரனுக்குத் தண்ணி போகாட்டி என்ன செய்வியள், கள்ளமா மறிச்சா ஆர் கேக்கிறது. நீ கூட்டத்தில எழும்பி நிண்டு கிழிச்ச கதையையும் அவிட்டு விட்டன், பேர் சொல்லேல்லை, பயப்படாத. ஒரு பெட்டை அதைக் கொப்பியில எழுதினாள்! இப்ப மொடலுக்குள்ள அந்தக் கூட்டத்தை எப்பிடிச் சேர்க்கிறதெண்டு யோசிக்கச் சொல்லி விரிவுரையாளர் வேலை தந்திருக்கு, பெடியள் எல்லாம் என்ர மேசையைச் சுத்தித்தான்.

அதால அவசரமா ஒரு உதவி. உங்கட வாய்க்காலுக்கு எத்தினை நாளைக்கு ஒருக்காத் தண்ணி விடுறவை, கடைசி வயல்காரருக்கு எப்ப முறை வரும் எண்டு வொய்ஸில வடிவாச் சொல்லிவிடு. வான்கதவு திறந்தா வீடியோ அனுப்பு, உன்ர மகனை எடுக்கச் சொல்லு, நீ கிட்டப் போகாத. அம்மாவையும் ஒருக்கா எட்டிப் பார், பிரசர்க் குளிசை ஒழுங்காப் போடுறாவோ தெரியேல்லை, கேட்டா எனக்கு ஓமோம் எண்டுதான் சொல்லுவா.